ஜூரி என்பவர்கள் யார்? குமாரபுரம் தீர்ப்பை விளங்கிக்கொள்ள ஒரு பின்னணி

1996 இல் திருகோணமலை மாவட்டத்தின் குமாரபுரம் கிராமத்தில் 24 தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தப் படுகொலை வழக்கில் 2016 ஜூலை 27 அன்று அநுராதபுரம் மேல் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. எதிரிகளாக, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர்களாக, கூண்டில் நின்ற 6 முன்னாள் இராணுவக் கோப்ரல்களும் விடுதலையானார்கள். "ஜூரி சபை விடுவித்தது" என்று செய்திகள் சொல்லின. கிளிவெட்டியிலும் மூதூரிலும் திருகோணமலை நகரிலும் அப்போது கேட்கப்பட்ட கேள்விகள் இன்றும் கேட்கப்படுகின்றன. இந்த ஜூரி யார்? அவர்கள் நீதிபதிகளா? அவர்களைத் தெரிவு செய்தது யார்? தீர்ப்புக்கு ஏன் ஒரு வரி காரணமும் சொல்லப்படவில்லை?

விடை தெரியாதபோது, ஜூரி விடுவித்த வழக்கு, நீதவான் விடுவித்த வழக்கு, மூன்று நீதிபதிகள் தீர்த்த வழக்கு எல்லாம் ஒன்றாகவே காதில் விழுகின்றன. அவை ஒன்றல்ல. பாதிக்கப்பட்டவர்களுக்கு அடுத்து என்ன வழி இருக்கிறது என்பதே இந்த வேறுபாட்டில்தான் தங்கியிருக்கிறது.

ஜூரியின் வேலை

ஜூரி என்பது சாதாரண குடிமக்கள் குழு. சட்டம் படித்திருக்கத் தேவையில்லை. ஒரு வழக்குக்கென்று கூட்டப்படுகிறார்கள், சத்தியப்பிரமாணம் செய்கிறார்கள், சாட்சியங்களைக் கேட்கிறார்கள், முடிவைச் சொன்னதும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களில் ஒருவரை ஜூரர் என்கிறோம். தமிழ்நாட்டில் நடுவர் குழு என்றும் எழுதுவதுண்டு. இலங்கையில் புழங்குவது ஜூரி, ஜூரி சபை என்பவையே.

ஜூரி அமர்ந்த வழக்கில் வேலை இரண்டாகப் பிரிகிறது.

1. என்ன நடந்தது, யார் செய்தது, எந்தச் சாட்சியை நம்புவது என்பவை ஜூரி தீர்க்க வேண்டியவை.
2. எந்தச் சாட்சியத்தை அனுமதிப்பது, சட்டம் என்ன சொல்கிறது, குற்றவாளி என்றால் என்ன தண்டனை என்பவை நீதிபதி தீர்க்க வேண்டியவை.

ஜூரி இல்லாத வழக்கில் இந்த இரண்டையும் நீதிபதியே செய்கிறார். அங்கே அவருக்கு ஒரு கடமை உண்டு. எந்தச் சாட்சியை ஏன் நம்பினேன், எதை ஏன் தள்ளினேன் என்று எழுத்தில் காரணம் காட்ட வேண்டும். ஜூரிக்கு அந்தக் கடமை இல்லை. குற்றவாளி அல்லது குற்றவாளி இல்லை என்று சொன்னால் போதும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் சிக்கல்களில் பாதி இதிலிருந்துதான் முளைக்கிறது.

அதே பெயரில் வேறு ஆட்கள்

ஜூரி என்ற சொல் செய்திகளில் வேறு பொருளிலும் வருகிறது.

கிராண்ட் ஜூரி: அமெரிக்காவில், பாரிய குற்றங்களில் ஒருவர் மீது வழக்குத் தொடரப் போதிய ஆதாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் குழு. கூட்டாட்சி நீதிமன்றங்களில் 16 முதல் 23 பேர் வரை இருப்பார்கள். வழக்குத் தொடர 12 பேர் உடன்பட வேண்டும். 2024 நவம்பரில் நியூயோர்க்கில் இந்தியத் தொழிலதிபர் கௌதம் அதானி மீது குற்றப்பத்திரிகை வந்தபோது, அவருடைய நிறுவனத்தின் மன்னார் காற்றாலைத் திட்டம் காரணமாக நம்மவர்களும் அந்தச் செய்தியைக் கவனமாகப் படித்தார்கள். பலர் அதைக் குற்றத்தீர்ப்பு என்றே எடுத்துக்கொண்டார்கள். கிராண்ட் ஜூரி தீர்ப்புச் சொல்வதில்லை. எதிர்த்தரப்பின் வாதத்தையும் அது கேட்பதில்லை. குற்றவாளியா இல்லையா என்று சொல்வது அதன் பின்னர் அமரும் விசாரணை ஜூரி. டொனால்ட் ட்ரம்ப் வழக்கில் இந்த இரண்டு கட்டங்களும் தெளிவாகத் தெரிந்தன. 2023 மார்ச்சில் கிராண்ட் ஜூரி குற்றஞ்சாட்டியது. 2024 மே 30 அன்று 12 பேர் கொண்ட விசாரணை ஜூரி 34 குற்றச்சாட்டுகளிலும் அவரைக் குற்றவாளியாகக் கண்டது.

விழா ஜூரி: கேன்ஸ் போன்ற திரைப்பட விழாக்களில் பரிசு தீர்மானிக்கும் குழு. தமிழ்த்தினப் போட்டிகளில் நடுவர்கள் என்று நாம் சொல்பவர்கள் செய்வதும் இதே வேலைதான். இவர்கள் துறை தெரிந்தவர்கள் என்பதற்காக அமர்த்தப்படுகிறார்கள். நீதிமன்ற ஜூரருக்கோ துறை தெரிந்திருக்கத் தேவையில்லை, வழக்கைப் பற்றி முன்கூட்டியே முடிவெடுத்தவராக மட்டும் அவர் இருக்கக் கூடாது.

   

அயலவர்கள் என்ற பழைய எண்ணம்

இங்கிலாந்தில் ஜூரி தொடங்கியபோது அது சம்பவம் நடந்த இடத்தின் ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்கும் முறையாக இருந்தது. ஊரில் நடந்தது ஊருக்குத் தெரியும் என்பது கணக்கு. காலப்போக்கில், தெரிந்தவர் சாட்சி, தெரியாதவர் ஜூரர் என்று பிரிந்தது. ஆனாலும் ஜூரி அந்தப் பகுதியில் இருந்து வர வேண்டும் என்ற எண்ணம் போகவில்லை. அமெரிக்க அரசியலமைப்பின் 6 ஆவது திருத்தம் இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது. குற்றம் நடந்த மாநிலத்தையும் மாவட்டத்தையும் சேர்ந்த ஜூரியே விசாரிக்க வேண்டும்.

ஜூரி யாருக்கும் பணியத் தேவையில்லை என்பது 1670 இல் லண்டனில் நிலைநாட்டப்பட்டது. மத ஒன்றுகூடல் நடத்தியதற்காக வில்லியம் பென், வில்லியம் மீட் ஆகிய இருவர் மீது வழக்கு. நீதிமன்றம் எதிர்பார்த்த முடிவை ஜூரர்கள் சொல்ல மறுத்தார்கள். சாப்பாடு, தண்ணீர், நெருப்பு எதுவும் இல்லாமல் இரவிரவாகப் பூட்டி வைத்தார்கள். அப்போதும் அவர்கள் மாறவில்லை. தண்டப்பணம் விதித்தார்கள். எட்வர்ட் புஷல் என்ற ஜூரர் அதைக் கட்ட மறுத்துச் சிறை சென்றார். சொன்ன தீர்ப்புக்காக ஜூரரைத் தண்டிக்க முடியாது என்று பிரதம நீதியரசர் வோன் அவரை விடுவித்தார். அதிகாரத்துக்கும் தனிமனிதனுக்கும் இடையே அயலவர்கள் நிற்கிறார்கள் என்ற பெருமை ஜூரிக்கு வந்தது இந்த வழியில்தான். அந்தப் பெருமை நியாயமானது.

இலங்கைக்கு ஜூரியைக் கொண்டுவந்தவர் சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டன். மதுரையில் வளர்ந்து தமிழ் கற்றவர், பின்னர் இங்கே பிரதம நீதியரசர் ஆனவர். 1811 அளவில் அவர் நடைமுறைப்படுத்திய திட்டத்தில் ஜூரர்கள் 13 பேர். பெரும்பான்மை சொன்னால் தீர்ப்பு. எதிரி தன் சொந்தச் சாதியைச் சேர்ந்த ஜூரியைக் கேட்கலாம். ஜூரர் சுதந்திர மனிதராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் விசாரிக்கப்படலாம், விசாரிக்கும் இடத்தில் அமர முடியாது. ஆக, "தன்னையொத்தவர்கள்" யார் என்ற கேள்வி முதல் நாளில் இருந்தே இந்த மண்ணில் சிக்கலாகத்தான் இருந்திருக்கிறது. சாதி போய் மொழி வந்தது. 13 பின்னாளில் 7 ஆகியது.

இந்தியா ஜூரியை 1973 இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு கைவிட்டது. 1959 இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதியை 8க்கு 1 என்ற கணக்கில் ஜூரி விடுவித்ததும், அதை உயர் நீதிமன்றம் மாற்றியதும் அங்கே ஜூரி மீதிருந்த நம்பிக்கையை ஆட்டின. இலங்கையில் ஜூரி ஒழிக்கப்படவில்லை. கிரிக்கெட் வீரர் மகாதேவன் சதாசிவம் மனைவியின் கொலை வழக்கில் 1953 இல் விடுதலையானதும் ஜூரியின் தீர்ப்பால்தான்.

இன்று இலங்கையில் ஜூரி அமரும் விதம்

அடிப்படைச் சட்டம் 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. ஒரு கொலை வழக்கு போகும் வழி இது.

1. நீதவான் நீதிமன்றத்தில் ஆரம்ப விசாரணை. இங்கே ஜூரி கிடையாது.
2. அரசின் தலைமைச் சட்டத்தரணியான சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்கிறார்.
3. குற்றம் ஜூரி விசாரிக்கக்கூடியதாக இருந்தால், ஜூரி வேண்டுமா என்று நீதிபதி எதிரியிடம் கேட்கிறார். 1988 இன் திருத்தத்துக்குப் பிறகு ஜூரி தானாக வருவதில்லை. எதிரி கேட்டால்தான் வரும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் விசாரித்ததால் தீர்ப்பே மேன்முறையீட்டில் விழுந்த வழக்குகள் உண்டு.
4. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிப் பட்டியல்கள் இருக்கின்றன. எந்தப் பட்டியலில் இருந்து ஜூரி வர வேண்டும் என்பதையும் எதிரியே சொல்கிறார்.
5. அந்தப் பட்டியலில் இருந்து திறந்த நீதிமன்றத்தில் சீட்டுக் குலுக்கி 7 பேர் எடுக்கப்படுகிறார்கள்.
6. சாட்சியங்கள் முடிந்ததும் நீதிபதி வழக்கைத் தொகுத்து ஜூரிக்கு விளக்குகிறார். ஜூரர்கள் தனியறைக்குப் போய்க் கலந்து பேசுகிறார்கள்.
7. ஏகமனதாகவோ, குறைந்தது 5க்கு 2 என்ற பெரும்பான்மையாலோ சொன்னால்தான் தீர்ப்பு. 4க்கு 3 தீர்ப்பாகாது.

இந்தப் பட்டியலில் 3 ஆவதையும் 4 ஆவதையும் மறுபடி பாருங்கள். இரண்டு தெரிவும் எதிரியின் கையில். கொல்லப்பட்டவரின் குடும்பத்திடம் எவரும் எதுவும் கேட்பதில்லை. பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015 இலும் 2023 இலும் சட்டங்கள் வந்தன. அவையும் இந்தத் தெரிவில் அவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை.

அடிப்படையில் இது எதிரியைப் பாதுகாக்கும் ஏற்பாடு. அதைக் குறை சொல்ல முடியாது. ஒரு தமிழ் இளைஞன் சிங்களப் பகுதியில் கொலைக் குற்றம் சாட்டப்பட்டு நின்றால், தமிழ் ஜூரி கேட்கும் உரிமை அவனுக்கு உயிர்மூச்சாக இருக்கும். எதிரியாக நிற்பது அரச படையினர், செத்தது பொதுமக்கள் என்று வரும்போதுதான் ஏற்பாடு தலைகீழாகிறது. அரச அதிகாரத்திடம் இருந்து மனிதனைக் காக்க உருவானது, அரச அதிகாரத்தின் பக்கம் நின்றவனுக்குத் தன் நீதிபதிகளைத் தானே தெரிவு செய்யும் வசதியாகிறது.

குமாரபுரத்தில் என்ன நடந்தது

குமாரபுரம் திருகோணமலை மாவட்டத்தில், மூதூர்ப் பிரதேசத்தில், கிளிவெட்டியை அண்டிய ஒரு சிறிய கிராமம். 1996 பெப்ரவரி 11 அன்று அங்கே பெண்களும் குழந்தைகளுமாக 24 தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். தீர்ப்பு வர 20 ஆண்டுகள் ஆயின.

அந்த 20 ஆண்டுகளுக்குள் வழக்கு இடம் மாறியது. எதிரிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி அநுராதபுரத்துக்குப் போனது. திருகோணமலை நகரில் இருந்தே அது நூறு கிலோமீற்றருக்கு மேல். குமாரபுரத்தில் இருந்து வருபவர் விடியமுன் வெளிக்கிட வேண்டும். கூலி வேலையை விட்டு, தவணைக்குத் தவணை, பஸ் மாறிப் போய்வர வேண்டும்.

இட மாற்றத்தோடு ஜூரியும் மாறியது. ஜூரர்கள் 7 பேரும் சிங்களவர்கள். அந்தத் தனிமனிதர்களின் நேர்மையை நாம் இங்கே எடைபோடவில்லை. எடைபோட வழியும் இல்லை, அவர்கள் காரணம் சொல்லவில்லை. கேள்வி ஏற்பாட்டைப் பற்றியது.

ஜூரியின் முதல் வேலை சாட்சியை நம்புவதா என்று தீர்ப்பது. தயங்குகிறாரா, எந்தச் சொல்லில் குரல் உடைகிறது, குறுக்குக் கேள்விக்குத் திணறுவது பொய்யாலா, இத்தனை ஆண்டுகள் சுமந்த துக்கத்தாலா என்று பார்க்க வேண்டும். தமிழ்ச் சாட்சி ஒருவர் சிங்கள ஜூரி முன் நிற்கும்போது என்ன நடக்கிறது? அவர் பேசுகிறார், மொழிபெயர்ப்பாளர் சொல்கிறார். ஜூரர்கள் பார்ப்பது ஒருவரின் முகத்தை, கேட்பது இன்னொருவரின் குரலை. தன் பிள்ளை விழுந்த இடத்தைக் கைகாட்டி ஒரு தாய் சொல்லும்போது வரும் இடைநிறுத்தம், பதிவுக்கேற்ற ஒரே சீரான வாக்கியமாக ஜூரர்களிடம் போய்ச் சேர்கிறது. 1996 இன் மாலை ஒன்றில் கண்ட முகத்தை அடையாளம் காட்டுவதுதான் வழக்கின் உயிர்நாடி என்கிறபோது இந்த இழப்பு சின்ன விடயம் அல்ல.

நீதிபதி தனித்து விசாரித்தாலும் மொழிபெயர்ப்பு வரத்தான் செய்யும். ஆனால் அவர் எந்தச் சாட்சியை ஏன் நம்பவில்லை என்று எழுதியிருக்க வேண்டும். அதை வாசித்து, இங்கே தவறு என்று காட்டலாம். குமாரபுரம் மக்களிடம் அப்படி வாசிக்க ஒரு பக்கமும் இல்லை.

ரவிராஜ் வழக்கும் பயங்கரவாதத் தடைச் சட்டமும்

அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், கொழும்பு மேல் நீதிமன்றத்தில் இன்னொரு ஜூரி தீர்ப்பு வந்தது. 2006 நவம்பர் 10 இல் சுட்டுக்கொல்லப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜின் கொலை வழக்கு. சிங்கள ஜூரி 5 எதிரிகளையும் விடுவித்தது.

இங்கே கூடுதலாக ஒரு சட்டக் கேள்வி. குற்றப்பத்திரிகையில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழான குற்றச்சாட்டும் இருந்தது. அந்தச் சட்டத்தின் 15 ஆவது பிரிவு, அதன் கீழான குற்றங்களை மேல் நீதிமன்ற நீதிபதி ஜூரி இல்லாமல் தனித்து விசாரிக்க வேண்டும் என்கிறது. ஆகவே ஜூரி அமர்வதே சரியல்ல என்று பாதிக்கப்பட்ட தரப்பின் சட்டத்தரணி எம்.ஏ. சுமந்திரன் வாதிட்டார். ஏற்கப்படவில்லை. குடும்பத்தினர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர்.

இதே 15 ஆவது பிரிவின் கீழ்தான் 1979 முதல் தமிழ் இளைஞர்கள் விசாரிக்கப்பட்டு வந்தார்கள். ஜூரி வேண்டுமா என்று அவர்களிடம் கேட்கப்படவில்லை. ஒரே சட்டத்தின் பெயர் இருந்த இரண்டு வகை வழக்குகளில் ஒரு பக்கத்துக்கு ஜூரி கிடைத்தது, மறுபக்கத்துக்குக் கிடைக்கவில்லை. இது நம் மக்களின் மனத்தில் ஆறாமல் கிடப்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

ஜூரி அல்லாத தீர்ப்புகள்

ட்ரயல் அட் பார் என்பது ஜூரி அல்ல. மூன்று மேல் நீதிமன்ற நீதிபதிகள் சேர்ந்திருந்து, ஜூரி இல்லாமல் விசாரிப்பது. நீதிபதிகள் குழாம் என்று செய்திகளில் வருவது இதுதான். 2000 டிசம்பரில் மிருசுவிலில் 8 பேர் கொல்லப்பட்ட வழக்கில் 2015 இல் இராணுவச் சிப்பாய் ஒருவருக்கு மரணதண்டனை விதித்தது இப்படியான குழாம். அவருக்கு 2020 இல் ஜனாதிபதி மன்னிப்பு வழங்கினார் என்பது வேறு கதை. புங்குடுதீவு மாணவி கொலை வழக்கில் 2017 இல் யாழ்ப்பாணத்தில் 7 பேருக்கு மரணதண்டனை விதித்ததும் மூன்று தமிழ் நீதிபதிகள் கொண்ட குழாமே.

நீதவான் விடுவிப்பதும் ஜூரி அல்ல. 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலைக்கு அருகே, 5 மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். 2019 ஜூலை 3 அன்று, போதிய சான்றுகள் இல்லை என்று 13 சந்தேகநபர்களும் விடுவிக்கப்பட்டார்கள். அதைச் செய்தது திருகோணமலை நீதவான் நீதிமன்றம். முக்கிய சாட்சிகள் பயத்தில் நாட்டைவிட்டே போயிருந்தார்கள். குமாரபுரம் வழக்கில் ஜூரி முடிவு சொல்லும் வரை விசாரணை போனது. இந்த வழக்கோ ஜூரி அமரக்கூடிய கட்டத்தையே எட்டவில்லை. இரண்டையும் ஒன்றாகப் பேசினால், எங்கே எது உடைந்தது என்று பிடிபடாது.

மேன்முறையீட்டில் வரும் வித்தியாசம்

மேல் நீதிமன்றம் விடுதலை செய்தால் சட்டமா அதிபர் மேன்முறையீடு செய்யலாம். எந்தக் காரணத்தில் செய்யலாம் என்பதில் நீதித்துறைச் சட்டம் கோடு போடுகிறது.

1. நீதிபதி தனித்து விடுவித்திருந்தால், சட்டத்தில் தவறு என்றும் வாதிடலாம், நடந்ததைக் கணித்ததில் தவறு என்றும் வாதிடலாம்.
2. ஜூரி விடுவித்திருந்தால், சட்டத்தில் தவறு என்று மட்டுமே வாதிடலாம்.

இதன் பொருள், "அந்தச் சாட்சியை ஜூரி நம்பியிருக்க வேண்டும்" என்று மேல் எங்கும் கேட்க முடியாது என்பது. நீதிபதி தன் தொகுப்புரையில் சட்டத்தை ஜூரிக்குப் பிழையாக விளக்கினார், அனுமதிக்கக் கூடாததை அனுமதித்தார், ஜூரியே அமர்ந்திருக்கக் கூடாது என்பன போன்ற வழிகள்தான் மிஞ்சும். ஆகவே ஒரு விடுதலைச் செய்தி வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது விடுவித்தது யார் என்பதைத்தான். மேன்முறையீடு எவ்வளவு தூரம் போகும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஜூரியின் "குற்றவாளி இல்லை" சொல்வது எவ்வளவு என்பதையும் சரியாக எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த எதிரிகள் மீதான குற்றச்சாட்டு, நியாயமான சந்தேகத்துக்கு அப்பால், இந்த ஜூரியின் முன் நிரூபிக்கப்படவில்லை. அவ்வளவுதான். கொலை நடக்கவில்லை என்று அது சொல்லவில்லை. 24 பேரும் எப்படிச் செத்தார்கள் என்ற கேள்விக்கு விடை தேடும் அரசின் பொறுப்பும் அதோடு முடிந்துவிடவில்லை.

மாற்ற முடிந்தவை

ஜூரியை ஒழித்துவிட வேண்டும் என்ற குரல் நம்மிடையே உண்டு. நான் அதில் சேரவில்லை. எதிரிக்கு அது ஒரு காப்பு, அதை இழந்தால் நாளை நம் பிள்ளைகளும் இழப்பார்கள். ஏற்பாட்டைத் திருத்தலாம்.

முதலாவது, இடம். பொதுமக்கள் கொல்லப்பட்ட வழக்கை மாவட்டத்துக்கு வெளியே அனுப்பும்போது பாதிக்கப்பட்டவர்களைக் கேட்காமல் அனுப்பக் கூடாது. எதிரிக்கு ஆபத்து என்றால் நீதிமன்றத்துக்குப் பாதுகாப்புக் கொடுக்கலாம். சாட்சியைத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதில்லை.

இரண்டாவது, மொழிப் பட்டியல். எதிரியின் மொழியும் சாட்சிகளின் மொழியும் வேறாக இருந்தால் இரண்டும் தெரிந்தவர்களைக் கொண்டு ஜூரி அமைக்கலாம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் நின்று பேரம் பேசும் திருகோணமலையில் அப்படியான 7 பேரைத் தேடிப்பிடிப்பது பெரிய காரியம் அல்ல.

மூன்றாவது, காரணம். ஜூரி என்றால் காரணம் சொல்லாது என்பது கல்லில் எழுதிய விதி அல்ல. ஸ்பெயினில் 1995 இன் சட்டப்படி 9 பேர் கொண்ட ஜூரி அமர்கிறது. எந்தெந்த விடயம் நிரூபிக்கப்பட்டது, எது நிரூபிக்கப்படவில்லை என்று நீதிபதி கொடுக்கும் கேள்விப் பட்டியலுக்கு அவர்கள் ஒவ்வொன்றாக விடை சொல்ல வேண்டும். எந்தச் சாட்சியத்தை வைத்து அப்படி முடிவெடுத்தார்கள் என்பதையும் சுருக்கமாக எழுத வேண்டும். இங்கே இதற்குப் புதிய நீதிமன்றம் கட்டத் தேவையில்லை, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் ஒரு திருத்தம் போதும்.